அம்மா வீட்டுக்கு எதை வாங்கலாம்: கேமராவா, திரையா, விளக்கா, குரலா?

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஒரு கேமராவின் படத்தைப் போட்டார். "அம்மா வீட்டு ஹாலுக்கு இது. நம்ம மூணு பேர் போன்லயும் பார்க்கலாம்" என்று கீழே எழுதியிருந்தார். அன்று ராத்திரியே தங்கை வேறொன்றை அனுப்பினாள். ஒரு ஜோடி விளக்கு. ஒன்றை இங்கே தொட்டால், இன்னொரு நாட்டில் இருக்கும் மற்றது ஒளிரும். என் பங்குக்கு நான் ஒரு ஸ்மார்ட் டிஸ்ப்ளேயைச் சொன்னேன், மேசையில் வைத்து வீடியோவில் பேசுகிற திரை. அம்மாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு 74 வயது. மன்னார்குடியில் தனியாக இருக்கிறாள். அண்ணன் நியூ ஜெர்சியில், தங்கை ஷார்ஜாவில், நான் சிங்கப்பூரில். அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. எங்களில் யாரோடும் வந்து தங்க அம்மாவுக்கு விருப்பமில்லை. பல முறை பேசிப் பார்த்துவிட்டு அந்த முடிவை நாங்களும் ஏற்றுக்கொண்டோம். அப்புறம் மிச்சமிருந்தது ஒரே கேள்வி. நாலு ஊரில் இருக்கும் நாலு பேர், ஒருவர் மனசு மற்றவருக்குத் தெரிகிற மாதிரி இருக்க எந்தக் கருவி உதவும்? ஒரு வருடத்தில் சிலவற்றை வாங்கிப் பார்த்தோம், சிலவற்றை உறவுக்காரர்கள் வீட்டில் பார்த்தோம், சிலவற்றைப் பற்றித் தேடிப் படித்தோம். இதே யோசனையோடு நிறைய வீடுகள் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

விலையையும் வசதியையும் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். எனக்கு வேண்டிய அளவுகோல் பழைய இன்லண்ட் கடிதத்தில் கிடைத்தது. "இங்கு அனைவரும் நலம். அங்கு தங்கள் நலமறிய ஆவல்." அந்த நாளில் யார் கடிதம் எழுதினாலும் தொடக்கம் இதுதான். மனப்பாடமாக எழுதியதால் அதில் இரண்டு பாதி இருப்பதை நான் கவனித்ததே இல்லை. முதலில் என்னைப் பற்றி உனக்குச் சொல்லிவிடுகிறேன். பிறகுதான் உன்னைப் பற்றிக் கேட்கிறேன். இப்போது கடையில் விற்கிற கருவிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டாம் பாதி மட்டும் இருக்கிறது, அதுவும் பிள்ளைகள் பக்கம் மட்டும். அம்மா எப்படி இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. ஐம்பது வருடமாக "சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பவளை வெறுமனே கவனிக்கப்படுகிற ஆளாக மாற்றிவிடுகிறோம். ஆகவே ஒவ்வொரு கருவியிடமும் நான் கேட்டது இதுதான்: நம் நலத்தையும் இது அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்குமா?

கேமரா

முதலில் வாங்கியது கேமராதான். விலை குறைவு, வைஃபையில் ஓடுகிற சாதாரண கேமரா இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது. கடைக்காரப் பையன் வந்து ஒரு மணி நேரத்தில் ஹாலில் மாட்டிவிட்டுப் போனான். அண்ணன் கேட்டது தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். அவர் பயம் நியாயமானது. ராத்திரி பாத்ரூம் போகும்போது அம்மா வழுக்கி விழுந்தால் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் என்ன செய்வார்? தூக்கம் வராத ராத்திரிகளில் அந்தப் படத்தைத் திறந்து, அம்மா நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் தூங்கியதாகச் சொன்னார்.

மார்ச் மாதம் ஒரு நாள் அவர் அம்மாவைக் கூப்பிட்டு, "ஏம்மா, இன்னிக்கு மத்தியானம் நீ சாப்பிடவே இல்லையே? சமையல்கட்டுப் பக்கமே போகலையே?" என்று கேட்டார். அன்று ஏகாதசி. அம்மா விரதம். நாற்பது வருடமாக இருக்கிற விரதம். கேமரா எல்லாவற்றையும் சரியாகத்தான் காட்டியது. ஏன் என்பதை அது காட்டவில்லை, காட்டவும் முடியாது. கேட்டிருந்தால் அம்மாவே சொல்லியிருப்பாள். பார்த்துவிட்டதால் கேட்கத் தோன்றவில்லை, விசாரிக்கத்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு அம்மாவிடம் சின்னச் சின்ன மாற்றங்கள். ஹாலுக்கு வருவதற்கு முன்னால் புடவையைச் சரிசெய்துகொள்வாள். மத்தியானம் தரையில் பாயில்லாமல் படுப்பது அவள் வழக்கம், அதை உள்ளறைக்கு மாற்றிக்கொண்டாள். ஏப்ரலில் நான் ஊருக்குப் போனபோது கேமராவின் மேல் ஈரிழைத் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "என்னம்மா இது?" என்றேன். "தூசி படியுதேன்னு போட்டேன்" என்றாள். பெரியவன் மனசு நோகக் கூடாது என்று ஒரு காரணத்தையும் சேர்த்தே தயாராக வைத்திருந்தாள். எங்கள் நாலு பேரில் அடுத்தவர் மனசை அப்போது யோசித்த ஒரே ஆள் அவள்தான்.

எங்கள் பக்கமும் ஒன்று நடந்தது. வாரத்துக்கு நாலு தடவை கூப்பிடுகிற அண்ணன் ஒரு தடவைக்கு வந்துவிட்டார். நானும் குறைத்துக்கொண்டேன். "பார்த்துட்டேனே, நல்லாத்தான் இருக்கா" என்கிற நிம்மதி பேச்சுக்கான தேவையைத் தின்றுவிட்டது. வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

வெந்நீர் ஜாடி

கேமராவுக்கும் ஒன்றுமே இல்லாததற்கும் நடுவில் சில நல்ல வடிவமைப்புகள் இருக்கின்றன. 1996-ல் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் ஒரு வயதான தாயும் நோயாளி மகனும் வீட்டுக்குள் இறந்துகிடந்தது பல நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. ஜப்பானை உலுக்கிய செய்தி அது. அதுவே தூண்டுதலாக, 2001-ல் சோஜிருஷி என்கிற ஜப்பானிய நிறுவனம் தேநீருக்கு வெந்நீர் வைக்கிற மின்சார ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தது. பெரியவர் பொத்தானை அழுத்தி வெந்நீர் பிடித்தால், அந்தச் செய்தி வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சலாகப் போகும். முகமும் அறையும் தெரியாது. காலையில் டீ போட்டார், அவ்வளவுதான். ஜப்பானியக் கிழவருக்குப் புதிதாக ஒன்றையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, எப்போதும் போல டீ போட்டால் போதும்.

அதே 2001-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் மைனாட்டும் அவர் குழுவும் ஒரு புகைப்படச் சட்டத்தைச் செய்து காட்டினார்கள். நடுவில் பாட்டியின் படம், சட்டத்தைச் சுற்றி நாளுக்கு ஒன்றாக 28 நாளுக்குப் பட்டாம்பூச்சிகள். பாட்டி வீட்டில் நன்றாக நடமாடிய நாளில் பட்டாம்பூச்சி பெரிதாக இருக்கும், சோர்ந்திருந்த நாளில் சின்னதாக. இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கேமராக்காரர்கள்மேல் கோபமே வந்தது. இருபது வருடத்துக்கு முன்பே இவ்வளவு நாகரிகமாக யோசித்திருக்கிறார்கள்.

இரண்டும் கேமராவைவிட நல்லவை, குறைவாகச் சொல்வதால். பெரியவருக்கு மறைவிடம் மிச்சமிருக்கிறது. ஆனால் என் அளவுகோலில் இவையும் பாதிதான். பாட்டிக்கு மகனைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம் ஊரில் இப்படி ஜாடி கிடைப்பதாகவும் நான் பார்க்கவில்லை, டபராவில் காபி ஆற்றுகிற அம்மாவுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. ஆனால் "காலையில் வழக்கமாகச் செய்கிற ஒன்றே செய்தியாகட்டும்" என்கிற யோசனை என்னை விடவில்லை. கீழே அதற்குத் திரும்பி வருகிறேன்.

கையில் கட்டுகிற பட்டை, கழுத்தில் தொங்கவிடுகிற அவசரப் பொத்தான் ஆகியவற்றையும் பார்த்தோம். அவை மருத்துவத்துக்கு. மனசுக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

விளக்கு

தங்கை சொன்ன விளக்குக்கு நீளமான பரம்பரை உண்டு. 1996-ல் லண்டனில் ராப் ஸ்ட்ராங், பில் கேவர் என்கிற இருவர் இறகை வைத்து ஒன்று செய்தார்கள். ஊருக்குப் போயிருப்பவர் வீட்டிலிருப்பவரின் படத்தைக் கையில் எடுத்தால், வீட்டில் ஒரு கூம்புக்குள் இறகு மெல்ல மேலெழும். சொல் கிடையாது, எழுத்து கிடையாது. நினைத்தேன் என்பது மட்டும் போய்ச் சேரும். பின்னாளில் அலெக்சாண்ட்ரா டெஷாம்-சொன்சினோ வடிவமைத்த குட் நைட் லேம்ப்பில் வீடு மாதிரி ஒரு பெரிய விளக்கும் சில குட்டி விளக்குகளும் இருக்கும். நான் என் வீட்டில் பெரிய விளக்கைப் போட்டால் மற்றவர்களிடம் இருக்கிற குட்டி விளக்கு எரியும். இப்போது கடையில் கிடைக்கிற தொடு விளக்குகளும் இதே வகைதான். ஒரு ஜோடிக்கு நூறு டாலருக்கு மேல் ஆகும், இரண்டு பக்கமும் வைஃபை வேண்டும்.

என் அளவுகோலில் விளக்கு நன்றாகவே தேறுகிறது. இரண்டு பக்கமும் சமம். அம்மாவும் தொடலாம், நானும் தொடலாம். யாரும் யாரையும் வேவு பார்க்கவில்லை. அதோடு, விளக்கு ஏற்றுவது நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு நேரம். சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா சாமி விளக்கு ஏற்றும்போது சிங்கப்பூரில் எனக்கு இரவு எட்டரை, ஷார்ஜாவில் மாலை நாலரை, நியூ ஜெர்சியில் கோடைக்காலமாக இருந்தால் காலை எட்டரை. "விளக்கு வெச்சாச்சு" என்று ஒரு ஒளி மட்டும் வந்து சேர்ந்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று தங்கை சொன்னபோது எனக்கே ஆசை வந்தது.

அம்மாவிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது எரிஞ்சா நான் என்ன பண்ணணும்? உடனே போன் பண்ணணுமா? எரியலன்னா உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனைக்கணுமா?" என்றாள். நாங்கள் மூவரும் பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். விளக்குக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இரண்டு பேரும் முன்பே பேசி வைத்திருந்தால்தான் அது பேசும். இளம் தம்பதிக்கு, ஹாஸ்டலில் இருக்கிற மகளுக்கு இது பிரமாதமாக இருக்கும் என்று நம்புகிறேன். கவலைப்படுகிற சுபாவம் உள்ள அம்மாவுக்கு எரியாத விளக்கு இன்னொரு கவலை. கரண்ட் போனாலும் எரியாது, வைஃபை போனாலும் எரியாது. மன்னார்குடியில் இரண்டும் போகும்.

திரை

வீடியோ அழைப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் அது 2016 கடைசியில் வந்தபோது எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. பேரப்பிள்ளைகளின் பல் விழுந்ததை அம்மா பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தை வேறெதுவும் தராது.

ஆனால் கவனித்துப் பாருங்கள். வீடியோ என்றதும் அம்மா போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்துவிடுகிறாள். போனைத் தாடைக்குக் கீழே பிடிப்பதால் எனக்குப் பாதி முகமும் பாதி மின்விசிறியும் தெரிகிறது. நான் அவள் கண்ணைப் பார்த்தால் அவளுக்கு நான் கீழே பார்ப்பது போலத் தெரிகிறது, கேமரா திரைக்கு மேலே இருப்பதால். ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் வீடியோ சந்திப்புகள் ஏன் களைக்க வைக்கின்றன என்று நாலு காரணம் எழுதினார். முகம் அளவுக்கு மீறி அருகில் தெரிவது, தன் முகத்தையே விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் கட்டுண்டு உட்காருவது, தலையசைப்பு மாதிரி சின்னக் குறிப்புகளைக்கூட முயன்று காட்டவும் படிக்கவும் வேண்டியிருப்பது. அவர் எழுதியது அலுவலகக் கூட்டங்களைப் பற்றி. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. இருபது நிமிடம் முடிந்ததும் "சரி, அப்புறம்?" "அப்புறம் நீதான் சொல்லணும்" என்று இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே தடுமாறுவோம்.

இந்தத் தடுமாற்றத்துக்கு மருந்து திருச்சியில் பெரியம்மா வீட்டில் கிடைத்தது. அங்கே சமையலறை மேடையில் ஒரு ஸ்மார்ட் டிஸ்ப்ளே இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் அக்கா காலையில் கூப்பிட்டுவிட்டு, போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள். பெரியம்மா கீரை ஆய்கிறாள். ஐந்து நிமிடம் இருவரும் பேசுவதே இல்லை. அப்புறம் "கடுகு தீஞ்சிடப் போகுது" என்று பெரியம்மா திரையைப் பார்க்காமலே சொல்கிறாள். பெங்களூர் வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நேருக்கு நேர் முகம் பார்த்து உட்காருவதற்குப் பதில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்கிற மாதிரி இருந்தது. ஒரே வீட்டில் இருக்கும்போது நாம் இருப்பது அப்படித்தானே? யாரும் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் பேசியதில்லை. அடுப்படியில் நின்றபடிதான் எல்லாம் பேசியிருக்கிறோம்.

சின்ன டிஸ்ப்ளே பத்தாயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. கேமராவை மூடுகிற தள்ளு மூடி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அமேசான் எக்கோ ஷோவில் டிராப் இன் என்று ஒரு வசதி உண்டு. அந்தப் பக்கம் எடுக்க வேண்டியதில்லை, நாம் அழைத்தால் தானே இணைந்துவிடும். முதல் சில விநாடிகள் பனி படர்ந்த கண்ணாடி மாதிரி படம் மங்கலாகத் தெரியும், அதற்குள் அந்தப் பக்கம் இருப்பவர் சுதாரித்துக்கொள்ளலாம். மரியாதை தெரிந்த யாரோ யோசித்துச் செய்தது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு, போனை எடுக்கக் கை வராதவருக்கு இது பெரிய உதவி. அம்மா மாதிரி நடமாடுகிறவருக்கு வேண்டாம். அவள் எடுக்கட்டும், எடுக்காமலும் இருக்கட்டும். கதவைத் தட்டாமல் உள்ளே போகிற பழக்கம் பிள்ளைகளுக்கு நல்லதில்லை.

குரல்

இதை யாருமே முதலில் பரிந்துரைக்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிற பொருளாக இல்லாததால் எங்கள் கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

எண்பதுகளில் சித்தப்பா குவைத்தில் இருந்தார். கடிதமும் வரும், கேசட்டும் வரும். ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்புவார். அவரே வாங்கி அனுப்பிய நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன்னை நடுக்கூடத்தில் வைத்து, பாட்டி முன்னால் உட்கார, மற்றவர்கள் சுற்றி உட்காருவோம். ஒரு பக்கம் முழுக்கச் சித்தப்பா பேசுவார். அறையில் யார் யார் இருக்கிறார்கள், என்ன சமைத்தார்கள், வெயில் எப்படி அடிக்கிறது. இன்னொரு பக்கத்தில் நாங்கள் பேசி அதே கேசட்டைத் திருப்பி அனுப்புவோம். பாட்டிக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் பதிவாகும். பின்னால் காக்கா கத்தும். சித்தப்பா லீவில் வந்தபோது சொன்னார், அந்தக் காக்கா சத்தத்தைத்தான் ரிவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்டாராம்.

வாட்ஸ்அப் குரல் பதிவு அந்தக் கேசட்தான், 2013-லிருந்து எல்லார் கையிலும் இருக்கிறது. கேமராவில் துண்டு தொங்கியதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, மே மாதம், நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். தினம் ஒருவர் கட்டாயம் ஒரு பதிவு அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். கேள்வியில் ஆரம்பிக்கக் கூடாது. "மாத்திரை போட்டியா, சாப்பிட்டியா, டாக்டர்ட்ட போனியா" என்று அடுக்கக் கூடாது. முதலில் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்லண்ட் கடிதத்து வரிசை.

ஆரம்பத்தில் அம்மாவிடமிருந்து மூன்று விநாடித் துண்டுகளாக வந்தன. "பாப்பா, நான்..." அவ்வளவுதான், கட்டைவிரல் நழுவியிருக்கும். மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலை எடுத்துவிடலாம் என்று எதிர்வீட்டுப் பெண் சொல்லிக்கொடுத்தாள். அதன் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. ஜூனில் ஒரு நாள் வந்த பதிவு இது:

"பாப்பா, கோலம் போட்டாச்சு. இன்னிக்குப் பால்காரர் லேட்டு, அதான் காபி இன்னும் குடிக்கல. மாடில வெச்ச மல்லிச் செடி மொட்டு விட்டிருக்கு. நேத்து நீ பேசினதுல ரெண்டு எடத்துல தொண்டையைச் செருமின. பனங்கற்கண்டு இருக்கா அங்க? அப்புறம், ஆபீஸ்ல ஒண்ணுமில்லைன்னு சொன்னியே, குரலு அப்படி இல்லையே."

அலுவலகத்தில் என் குழுவையே கலைக்கப் போகிறார்கள் என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார்கள். அந்த ஞாயிறு வீடியோவில் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டே இருந்தேன், அம்மாவுக்குத் தெரியவில்லை. ஒன்றரை நிமிடக் குரலில் பிடித்துவிட்டாள்.

இது அம்மாக்களின் தனிச் சக்தி என்றுதான் நினைத்திருந்தேன். யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் க்ராஸ் 2017-ல் வெளியிட்ட ஆய்வைப் பிறகு படித்தேன். ஐந்து சோதனைகள். அடுத்தவர் மனதில் ஓடுவதைக் கணிப்பதில், முகமும் குரலும் சேர்ந்து கிடைத்தவர்களைவிட, குரலை மட்டும் கேட்டவர்கள் துல்லியமாக இருந்தார்கள். ஒரு சோதனையில் முன்பின் தெரியாத இருவரை வெளிச்சமான அறையிலும் இருட்டறையிலும் பேசவைத்துப் பார்த்தார்கள். இருட்டில்தான் நன்றாகப் புரிந்தது. முகத்தை நாம் அடக்கிக்கொள்ளப் பழகியிருக்கிறோம், குரலை அவ்வளவு எளிதாக அடக்க முடிவதில்லை. முகம் இல்லாதபோது கேட்பவரும் குரலையே கூர்ந்து கேட்கிறார். "ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று நம் வீடுகளில் கேட்பது இதைத்தான்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்ஸர் 2010-ல் 7 முதல் 12 வயதுப் பெண்பிள்ளைகளைப் புதியவர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்தினார். பிறகு சிலரை அம்மா வந்து அணைத்துக்கொண்டார், சிலருக்கு அம்மா போனில் மட்டும் பேசினார். பதற்றத்தின் ஹார்மோன் இறங்குவதும் நெருக்கத்தின் ஹார்மோன் ஏறுவதும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. 2012-ல் அவரே இன்னொன்றைப் பார்த்தார். அம்மா பேசாமல் உடனடிச் செய்தியாக (இன்ஸ்டன்ட் மெசேஜ்) எழுதி அனுப்பியபோது அந்த மாற்றம் வரவில்லை. என் வயது 46. அந்தப் பெண்பிள்ளைகளுக்கு நடந்தது எனக்கும் நடக்கிறது என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அன்று காலை ரயிலில் அந்தப் பதிவை இரண்டாவது முறை கேட்டபோது என் தோள் இறங்கியதை நான் உணர்ந்தேன்.

குரல் பதிவில் இன்னொரு பெரிய வசதி நேரம். நேரடி அழைப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் விழித்திருக்க வேண்டும். அம்மா காலை ஆறு மணிக்குப் பேசுவது எனக்கு எட்டரைக்கு வருகிறது, வேலைக்குப் போகிற வழியில் கேட்கிறேன். அண்ணனுக்கு அது முந்தின நாள் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஏழரை, சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்கிறார். தங்கைக்கு விடியற்காலை நாலரை, எழுந்ததும் கேட்கிறாள். எமிரேட்டில் வாட்ஸ்அப் அழைப்புகள் வேலை செய்யாது, அங்கே அனுமதித்த வேறு செயலிகள் வேண்டும், ஆனால் குரல் பதிவு தாராளமாகப் போகும். ஒரு நிமிடப் பதிவு அரை எம்பிகூட வராது. சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் போய்ச் சேரும்.

ஒரு வேண்டுகோள். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிற வசதி இருக்கிறது, அதை அலுவலகப் பதிவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா நடுவில் நிறுத்துகிற இடங்களிலும் ஏதோ இருக்கிறது.

பயத்துக்கு வேறு ஏற்பாடு

சரி, விழுந்துவிட்டால்? அண்ணனின் கேள்வி அப்படியே நிற்கிறது. நாங்கள் செய்த தவறு எங்கே என்று இங்கேதான் புரிந்தது. பாதுகாப்பு ஒரு தேவை, நெருக்கம் வேறொரு தேவை. இரண்டுக்கும் ஒரே பொருளை வாங்கப் பார்த்தோம். பாதுகாப்புக்கு வாங்கியது நெருக்கத்தைக் கெடுத்தது.

பாதுகாப்புக்கு இப்போது இப்படிச் செய்திருக்கிறோம். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் போட்டோம். எதிர்வீட்டில் ஒரு சாவி இருக்கிறது. காலை ஆறு மணிப் பதிவு ஆறரைக்குள் வரவில்லையென்றால் நான் அம்மாவைக் கூப்பிடுவேன். எடுக்கவில்லையென்றால் எதிர்வீட்டுக்குப் போன். மூன்று பேரில் எனக்குத்தான் அந்த நேரம் வசதி என்பதால் அது என் பொறுப்பு. ஜப்பானிய வெந்நீர் ஜாடியின் வேலையை "கோலம் போட்டாச்சு" என்கிற இரண்டு சொல் செய்கிறது. அம்மாவுக்கும் இது தெரியும். நான் ஒரு நாள் பதிவு அனுப்பத் தவறினால் அவளும் கூப்பிடுகிறாள். அந்தக் கேமராவைக் கழற்றி வாசல் கேட்டைப் பார்க்கிற மாதிரி மாட்டிவிட்டோம். யார் வந்திருக்கிறார்கள் என்று அம்மா உள்ளேயிருந்தே தன் போனில் பார்த்துக்கொள்கிறாள். இப்போது அது அவள் கருவி.

உங்கள் வீட்டுக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம். காது மந்தமானவருக்குக் குரல் பதிவு தண்டனை. அவருக்குப் பெரிய திரைதான் வேண்டும், முகத்தையும் உதட்டசைவையும் பார்த்துப் பேச. மறதி நோய் வந்தவர் பதிவு அனுப்புவார் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே கேமராவும் ஒரு பக்கம் தேவைப்படலாம், வீட்டோடு ஓர் ஆளும் தேவை. பேரப்பிள்ளை ஐந்து வயதுக்குக் கீழே என்றால் வீடியோவை விடாதீர்கள், ஆனால் "பாட்டிக்கு ஹாய் சொல்லு" என்று நிறுத்திவைக்காமல், திரைக்கு முன்னால் குழந்தையை விளையாட விட்டுவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். அப்பா தனியாக இருந்தால் குரல் பதிவு பழக நாளாகும். எங்கள் அப்பா போனில் பேசியதெல்லாம் "இந்தா, அம்மாட்ட குடுக்கறேன்"தான். அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற மாதிரியான திரை பொருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

எங்கள் வரிசை இது. தினமும் குரல். ஞாயிறு வீடியோ, அதுவும் சமையலறையில். டிஸ்ப்ளே வருகிற தீபாவளிக்கு, மூடியோடு இருப்பது, டிராப் இன் அணைத்து வைத்து. விளக்கைத் தங்கை இன்னும் விடவில்லை. போன வாரம் அம்மாவின் பதிவில் கடைசியாக இதுவும் இருந்தது: "சின்னவ அந்த வெளக்கு வெளக்குன்னு ஆசப்படறா. வாங்கித் தரச் சொல்லு பெரியவன்ட்ட. எரியலன்னா நான் கவலப்பட மாட்டேன், அதான் நீ காலைல பேசிடறியே."